சேந்தன், அனுஷ நட்சத்திரம்

என் பிள்ளைக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். என் முழங்காலின் சுகமும் அம்மாவின் சீனி வருத்தத்தின் சுகமும் நீ ஞாயிறு தவறாமல் ரெலிபோனில் கேட்டு அறிந்தவைதான். ஆகவே அதை விட்டுவிட்டு, போன ஞாயிறு நீ கேட்டதற்கு நேரே வருகிறேன். நீ கேட்டதும் நான், "பிறகு கதைப்பம், இந்தா அம்மா நிக்கிறா" என்று ரெலிபோனைக் கைமாற்றிவிட்டேன். அந்தத் தந்திரம் உனக்கு நன்றாகத் தெரியும். நீ கேள்வி கேட்கப் பழகிய நாள் தொட்டு நான் அதைத்தான் செய்துவருகிறேன். இந்த முறை நீ விடமாட்டாய் என்பது உன் குரலிலேயே இருந்தது. "அப்பா, தோழனா ஆரை நிப்பாட்டுறது எண்டு பிரதீப் வீட்டில கேக்கினம். அம்மா அண்ணான்ர இடத்தை வெறுமையா விடச் சொல்லுறா. நீங்கள் அவவோட கதையுங்கோ. இல்லாட்டி அண்டைக்கு நடந்ததை நான் சொல்லப்போறன்" என்றாய். அன்றைக்கு என்று நீ சொன்னது எந்த நாளை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அன்றைக்கு என்றால் ஒரு நாள்தான்.

நீ ஒட்டாவாவில் இருந்துகொண்டு கலியாணத்துக்கு வேண்டிய அவ்வளவையும் ஒரு கையால் செய்துவிட்டாய். மண்டபம், சமையல், ஐயர், படம் பிடிக்கிறவர் எல்லாம் சரி. பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்துவர வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும் என்ற இந்தச் சின்னச் சடங்கில் வந்து முழுக் கலியாணமும் தடக்கி நிற்கிறது. சகோதரன் இல்லாதவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் நிற்பான். சின்னம்மாவின் மகன் நிரூபன் மிசிசாகாவில் கோட்டும் சூட்டும் தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் இருக்கிறான். ஆனால் உனக்குச் சகோதரன் இல்லை என்று யார் சொல்வது? அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யார் வாயால் எடுப்பது என்பதுதான் இத்தனை வருடமாக எங்களுக்கு இடையில் கிடக்கிறது.

உன் அண்ணன் ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூட்டரிக்குப் படிக்கப் போனான். பிறகு வரவில்லை. அந்தக் காலத்தில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு பக்கத்தார் அல்ல. ஒவ்வொரு பக்கமாகப் போய்க் கேட்டேன், ஒவ்வொருவரும் மற்றப் பக்கத்தைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் யாரோ வந்து, சந்தியில் வேலியோடு சாத்தியபடி சைக்கிள் நிற்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. திறப்பு அதில் இல்லை. தெரிந்தவன் ஒருவன் கூப்பிட்டு, இவனும் பூட்டிவிட்டு ஆறுதலாகப் போயிருக்கிறான் என்று நான் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கப் பயந்தேன். அம்மா வேறு மாதிரி நினைத்தாள். "பூட்டிப்போட்டுப் போனவன் திறக்க வருவான்" என்றாள். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அந்தச் சைக்கிளைப் பூட்டோடு தூக்கி மாமா வீட்டு அறைக்குள் வைத்துவிட்டு வந்தோம். பூட்டை உடைக்கலாமா என்று மாமா கேட்ட கேள்விக்கு அம்மா அவரோடு ஒரு வருடம் கதைக்கவில்லை.

இங்கே கனடாவுக்கு வந்த பிறகும் அவள் அந்தப் பேச்சிலிருந்து இறங்கவில்லை. எங்களோடு சென் ஜேம்ஸ் ரவுணில் வந்து இறங்கிய சனம் எல்லாம் ஸ்காபரோவில் வீடு வாங்கி, வீட்டுக்கு முன்னால் கத்தரிச் செடியும் வைத்தாயிற்று. நாங்கள் இன்னும் அதே பதினாறாம் மாடியில், அதே லிஃப்ற் வேலைசெய்யாத கட்டிடத்தில் கிடக்கிறோம். ஊரில் எல்லோருக்கும் எழுதி அனுப்பியது இந்த விலாசம், அவன் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வருவான் என்பது அவளுடைய நியாயம். கோயில் என்று ஒன்று வாடகை அறையில் தொடங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அர்ச்சனை. சேந்தன், அனுஷ நட்சத்திரம். கோயிலோடு நின்றாளா? ரவுணில் உள்ள மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அவன் பேரைச் சொன்னாள். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி வேலைத்தலத்தில் ஏதோ பிரார்த்தனைக்குப் பேர் சேர்க்கிறாள் என்று கேட்டு அங்கேயும் கொடுத்தாள். பேர் கேட்கிற இடமெல்லாம் அவன் பேரைக் கொடுப்பது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இதை ஏன் உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் செய்தது முட்டாள்தனம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முட்டாள்தனம்தான். ஆனால் வேறு யாருக்கும் வராத முட்டாள்தனம்.

கோர்டனை நினைவிருக்கும். பிறம்ரன் வெயர்ஹவுஸில் என் போர்மன். கனடா அனுபவம் உண்டா என்று கேட்காமல் வேலை தந்த ஒரே மனிதன். கைகள் இரண்டும் பலாக்காய் மாதிரி, ஆனால் கதைப்பது மெல்லமாக. அவருடைய மகன் கெவின் ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோயில் போனவன் என்பது வெயர்ஹவுஸில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரம் என் மேசைக்கு வந்து, ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் தங்களுடைய துவக்குச் சுடும் கழகத்தில் ஒரு கூட்டம் வைக்கிறோம், கைத்துப்பாக்கியால் வெகு தூரத்துக்குச் சுடுவோம், சேரும் காசு புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குப் போகும், குடும்பத்தோடு வா என்றார். எனக்கு வாய்க்குள் சோறு. துவக்கு என்ற சொல் வந்தபோதே மெல்லுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் உயிர் போகிற சத்தம் இந்த மனிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் போர்மனிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருகிறேன் என்று சொன்னதோடு நிற்காமல், மனைவி இறைச்சி றோல்ஸ் செய்து கொண்டுவருவாள் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டியதை நீயும் கேட்டாய். "வெடிச்சத்தம் கேக்கவோ கப்பல் ஏறி வந்தனாங்கள்?" என்றாள். நாங்கள் வந்தது பிளேனில் என்று நான் சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் விழுந்தது. ஆனாலும் வருத்தக்காரப் பிள்ளைகளுக்கு என்றதும் இறைச்சி வாங்க அவளே புறப்பட்டாள்.

அந்த இடம் உனக்கு நினைவிருக்கிறதா? பிறம்ரனும் தாண்டி, சோளம் வெட்டிய வயல்களுக்கு நடுவில். பின்னால் பெரிய மண் அணை. அதற்கு முன்னால், எங்கள் பள்ளிக்கூட மைதானத்தை இரண்டு தரம் நீட்டிப்போட்ட தூரத்தில், வெள்ளை அடித்த இரும்புத் தட்டுகள் தொங்கின. இவ்வளவு தூரத்துக்குக் கைத்துப்பாக்கியா என்று நான் யோசித்துக்கொண்டே நடக்கும்போது, யாரோ பழகிப் பார்க்க ஒரு வெடி வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நீயும் நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் குந்திவிட்டோம். அம்மாவின் கையில் இருந்த தட்டத்தில் ஒரு றோல்கூட உருளவில்லை. அவ்வளவு பழகிய குந்தல். சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. கோர்டன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஆளுக்கொரு காதுமூடி தந்தார். உனக்கு முகம் சிவந்துபோயிற்று. உனக்கு அப்போது பதினாறு வயது, வெட்கப்படுகிற வயது. நீ எங்களை விட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தால் அது நடந்திருக்காது என்று நீ நினைப்பது தெரிந்துதான் சொல்கிறேன்: நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். என் ஆங்கிலம் போதும் என்ற எண்ணம் எனக்கு.

கோர்டனின் மனைவி பெவர்லி ஒரு மேசைக்கு முன்னால் இருந்தாள். வருகிறவர்கள் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு பேரைச் சொன்னார்கள். அவள் அதைச் சின்ன மட்டையில் எழுதி ஒலிபெருக்கிக்காரனிடம் கொடுத்தாள். அம்மா என் கையைச் சுரண்டினாள். "என்ன, பேர் குடுக்கினமோ?" என்றாள். "ஓம் போல. பேர் சொல்ல, அந்தப் பேருக்கு ஒராள் சுடுவாராம். தட்டில பட்டால் மணி மாதிரி அடிக்குமாம்" என்றேன். அவ்வளவும் கோர்டன் வழியில் சொல்லியிருந்தார். அந்தப் பேர்கள் யாருடையவை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அது தெரிந்த விஷயம்தானே என்று விட்டிருப்பார். "அப்ப பிள்ளைக்கும் ஒண்டு குடுங்கோவன். எங்க எண்டாலும் பேர் சொல்லுறது நல்லதுதானே" என்றாள் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. காசு கொடுக்கிறோம், பேர் சொல்கிறோம், மணி அடிக்கிறது. இதைவிட அர்ச்சனை வேறு எப்படி இருக்கும்? நான் குனிந்து, "சேந்தன், அனுஷம்" என்றேன். நட்சத்திரம் சொல்லாமல் பேர் கொடுத்துப் பழக்கமில்லை. அவள் அதையும் குடும்பப் பேர் என்று நினைத்து எழுதினாள். மகனா என்று கேட்டாள். மகன் என்றேன். வயது கேட்டாள். அந்த வருடம் அவனுக்கு என்ன வயது நடக்கிறதோ அதைச் சொன்னேன், இருபத்தொன்று. பெவர்லி எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. இந்தச் சனத்துக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். அதை அம்மாவிடமும் சொன்னேன்.

பிறகு எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். சுடுகிறவர்கள் எழும்பி நின்று சினிமாவில்போலச் சுடுவார்கள் என்று பார்த்தால், அந்தக் கிழவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சரிகிறவர்கள் மாதிரிப் புல்லில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, நீண்ட குழாய் வைத்த துப்பாக்கியைக் காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தார்கள். அம்மா குளிருக்குத் தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை போட்டிருந்தாள். அதற்குமேல் காதுமூடி ஒழுங்காக இருக்கவில்லை, கோணலாகக் கிடந்தது. நான் அதைக் கண்டேன், சரிப்படுத்திவிடவில்லை. ஒலிபெருக்கியில் முதல் பேரைச் சொன்னார்கள். என் காதுமூடிக்குள்ளும் அது கேட்டது. கெவின், வயது ஒன்பது. சொன்னதும் ஆண்கள் அவ்வளவு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். கோர்டன் சுட்டார். வெடி ஒருபக்கம், ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத் தட்டின் சத்தம் மறுபக்கம். ணங் என்று மெல்லியதாக வந்தது. யாரும் கைதட்டவில்லை. நான் அந்தத் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெவின் செத்துப்போன பிள்ளை.

அப்போதுதான் நீ புல்லில் ஓடிவந்தாய். எனக்குக் காதுமூடி இருக்கிறது என்பதால் உரத்துக் கத்தினாய். "அப்பா, திஸ் இஸ் ஃபோர் டெட் பீப்பிள்! செத்தவைக்கு! நீங்கள் ஆற்ற பேரைக் குடுத்தனீங்கள்?" என் முகத்தைப் பார்த்தே உனக்கு விளங்கிவிட்டது. போய் நிற்பாட்டுங்கள் என்று என் சேட்டைப் பிடித்து இழுத்தாய். நான் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி உன் கண்ணில் இத்தனை வருடமும் இருக்கிறது. முதல் காரணம் அம்மா. அவள் எனக்கு அந்தப் பக்கத்தில், கண்ணை மூடி, கையைக் கூப்பியபடி நின்றாள். நிற்பாட்டினால் ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடம் நான் அவனுக்கு அழவில்லை, பிள்ளை. அழுதால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். யாரோ ஒருவர், எங்களைத் தெரியாத ஒருவர், அவன் போய்விட்டான் என்று உரத்துச் சொல்லிவிடட்டும் என்று என் மனதின் ஒரு மூலை விரும்பியது. அந்த மூலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

அவன் பேரைச் சொன்னார்கள். சென்தான் அனுஷாம் என்று ஒலிபெருக்கிக்காரன் தடக்கித் தடக்கி வாசித்தான். தொப்பிகள் கழன்றன. எங்களுக்காகக் கோர்டன் தானே மறுபடியும் வந்து படுத்தார். நான் கடவுளைக் கும்பிட்ட நாட்களில் அன்றைக்குக் கும்பிட்டது மாதிரிக் கும்பிட்டதில்லை. படக்கூடாது, படக்கூடாது. வெடித்தது. தட்டுக்குப் பக்கத்தில் மண் கிளம்பியது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த வெடி, அதுவும் மண். தன் மகனுக்கு முதல் வெடியிலேயே அடித்த மனிதன் எங்கள் பிள்ளைக்குத் தவறுகிறார். அவர் எழும்பி இருந்து கண்ணாடியைத் துடைத்தார், எங்களைப் பார்த்து மன்னித்துக்கொள் என்பதுபோலத் தலையை அசைத்தார், திரும்பவும் படுத்தார். போதும், விடு, வீட்டுக்குப் போ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மறுபடி மண். சுற்றி நின்றவர்கள் எங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ என் முதுகில் முகத்தை வைத்து அழுதாய். துப்பாக்கியில் இருந்த கடைசி வெடியைக் கோர்டன் வெகுநேரம் எடுத்துச் சுட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தவறிவிட்டது என்று நான் கண்ணைத் திறக்கும்போது அந்தத் தூரத்திலிருந்து ணங் என்று வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் உன் பங்கு வருகிறது, நான் உன்மேல் ஏற்றிய பாரமும் வருகிறது. பெவர்லி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். முன்பின் தெரியாத பெண்கள் வரிசையாக வந்து கட்டிப் பிடித்தார்கள். ஒரு கிழவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். அம்மா காதுமூடியைக் கழற்றிவிட்டு உன்னைக் கேட்டாள், "என்ன பிள்ளை, இவை ஏன் அழுகினம்? என்ன சொல்லினம்?" நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தேன். தகப்பன் என்று ஒருவன் செய்யக்கூடாத வேலை அது. பதினாறு வயதுப் பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா கெதியா வந்து சேரவேணும் எண்டு எல்லாரும் பிரார்த்திக்கினம் அம்மா" என்று ஒரு தடக்கலும் இல்லாமல் சொன்னாய். அம்மா உன் கன்னத்தைத் தடவிவிட்டு, மிஞ்சின றோல்ஸை அந்தச் சனத்துக்குக் கொடுக்கப் போனாள்.

அன்று தொடக்கம் அந்தப் பொய் எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றாகிவிட்டது. வருகிற போகிறவர்களுக்கு அம்மா சொன்னாள், வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி அழுது அழுது அவனுக்காக வேண்டினார்கள் என்று. நீ எழும்பி அறைக்குள் போய்விடுவாய். நீ ஒட்டாவாவில் வேலை தேடியது சம்பளத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோர்டன் மறு வருடமும் கூப்பிட்டார், எனக்கு அன்றைக்கு வேலை என்றேன். அடுத்த திங்கள் சாப்பாட்டு நேரம் வந்து தோளில் கை வைத்து, இந்த முறையும் உன் பையனுக்கு அடித்தோம், முதல் வெடியிலேயே பட்டது என்றார். ஒரு தரம் கொடுத்த பேரை அவர்கள் விடுவதில்லையாம். ஓய்வுபெற்றுப் போகும்வரை ஒவ்வொரு வருடமும் வந்து சொன்னார். பேரையும் பழகிச் சரியாகச் சொன்னார், சேந்தன் என்று. நாங்கள் நாளும் திதியும் தெரியாமல் செய்யாமல் விட்ட திவசத்தை, சோள வயலுக்குள் அந்த மனிதர் துப்பாக்கியால் செய்துகொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

கலியாணம் கட்டப்போகிறவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நான் அம்மாவோடு முப்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டேன். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, அவளைக் கேட்காமலே காவல் காத்தேன். பிரதீப் நல்ல பிள்ளை. நல்லவர்கள்தான் இந்தப் பிழையை விடுவார்கள். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் எதையாவது மறைத்தால் கோபித்துக்கொள். நீயும் அவரைக் காப்பாற்றப் போகாதே, நேரே போய்க் கேள். கேட்பதில் வருகிற நோவு ஒரு நாளில் ஆறும். கேட்காமல் விட்டதில் நாங்கள் எங்கே வந்து நிற்கிறோம் என்பதைக் கீழே படித்தால் உனக்குத் தெரியும்.

நீ ரெலிபோனில் சொன்னதை நான் இரண்டு நாள் மென்றுகொண்டு திரிந்தேன். செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்று சொல்லத் தொடங்கினேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாரும், அண்டைக்குக் கோர்டன் ஆக்களின்ர இடத்தில..." என்று ஆரம்பித்து, பேர் கொடுத்தது, அது யாருக்கான பேர் என்பது, நீ சொன்ன பொய், உன்னைச் சொல்லவைத்தது நான்தான் என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவள் ஓடிவந்து கத்தினவள்தானே, செத்தவைக்கு எண்டு. உங்களுக்குத்தான் காது மூடியிருந்தது. எனக்கு ஒரு காது திறந்துதான் கிடந்தது."

நான் அங்கே இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். "அப்ப ஏன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனீர்?"

"படக்கூடாது எண்டு கும்பிட்டனான்."

ஒரே கயிற்றுக்குப் பின்னால், ஒரு கை அகலத்தில் நின்றுகொண்டு, இருவரும் ஒரே வேண்டுதலைத் தனித்தனியாக வேண்டியிருக்கிறோம். "பிறகேன் இவ்வளவு காலமும் சனத்துக்கெல்லாம் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டேன். அவள் வெங்காயத்தை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். "பிள்ளை அழுதழுது எனக்கெண்டு ஒண்டு சொன்னவள். நல்லாயிருந்தது. அதை வைச்சுக்கொண்டன்" என்றாள். பிறகு, "அதோட நீங்கள் ரெண்டு பேரும் எனக்காகத்தானே அவன் வருவான் வருவான் எண்டு நடிச்சுக்கொண்டு திரிஞ்சியள். நான் வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அலுப்பு இருந்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் அவனுக்கு அழுதோம், பிள்ளை. குசினிக்குள் இருந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதோம். இவ்வளவு காலம் பிந்தி அழுதால் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. இனி அவன் இல்லை என்பதோடும் இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அழுது முடிந்தபின் அவளே சொன்னாள், "நிரூபன் நிக்கட்டும். அவனும் என்ர தங்கச்சி பெத்த பிள்ளைதானே." அதுதான் நீ கேட்டதற்குப் பதில். நிரூபன் தோழனாக நிற்பான். பிரதீப் வீட்டுக்குச் சொல்லிவிடு. நீயும் இனி அம்மாவுக்கு எதையும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பொய்யை அவள் உன்னிடமிருந்து அன்றைக்கே வாங்கிவிட்டாள். நீ வீட்டுக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசத் தோன்றினால் பேசு, தோன்றாவிட்டால் அவள் மடியில் கொஞ்சநேரம் படுத்துவிட்டுப் போ.

இன்னும் ஒரு விஷயம், அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நாளைக்கே போடப்போகிறேன். வியாழக்கிழமை பிரதீப்பின் தாயார் ரெலிபோன் எடுத்து, தோழனுக்குப் போடுகிற மோதிரத்துக்கு விரல் அளவு வேண்டும் என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டு அம்மா தையல் பெட்டியிலிருந்து நூல் ஒன்று எடுத்துவந்தாள். நிரூபனை வரச்சொல்லி அளக்கப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து இருந்து, என் வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, மோதிர விரலில் நூலைச் சுற்றினாள். "அவன்ர கை உங்கட கைதான். இப்ப இவ்வளவு தடிச்சிருக்கும்" என்றாள். நான் விரலை நீட்டியபடி வைத்திருந்தேன். சுற்றின நூலில் முடிச்சுப் போட்டு, கழற்றி, கடித உறைக்குள் வைத்து ஒட்டி, அன்றைக்கே அனுப்பிவிட்டாள். நிரூபனை உனக்குத் தெரியும், விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய். மோதிரம் நிச்சயம் கழன்று விழும். ஆகவே மணவறைக்குப் போகுமுன் நீ பிரதீப்பிடம் அதை வாங்கி, உள்பக்கத்தில் வெள்ளை நூல் நன்றாகச் சுற்றிக் கொடு. ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், நகைக்கடைக்காரர் அளவைப் பிழையாக எடுத்துவிட்டார் என்று சொல். உனக்குத்தான் அம்மாவுக்காகப் பொய் சொல்ல வருமே.

அப்பா